நான் பார்க்காத நாலு வினாடி

அந்த டிசம்பர் சனிக்கிழமை மாலை ஏழு மணி இருபத்தொரு நிமிடத்துக்கு நான் முல்பாகல் போகும் சாலையோரத்தில், கேழ்வரகு அறுத்துவிட்ட ஒரு வயலில், தொலைநோக்கியில் கண்ணை வைத்துக் குனிந்து நின்றிருந்தேன். அதில் நான் பார்க்க வேண்டிய நட்சத்திரம் தெரியவில்லை. மேகம்தான் தெரிந்தது. இந்த மூன்று வரிகளை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. குடியாத்தத்திலிருந்து வேலைக்காகக் கோலார் தங்கவயலுக்கு வந்து, அங்கிருந்த கனரக எந்திரத் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தேன். கல்யாணமாகி ஐந்து வருடம். குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்கட்டில் எட்டு மாதம் உட்கார்ந்து ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றைக் கையாலேயே தேய்த்துப் பளபளப்பாக்கித் தொலைநோக்கி செய்திருந்தேன். அது எனக்குத் தலைகொள்ளாத பெருமை. யார் வீட்டுக்கு வந்தாலும் காபிக்கு முன்னால் அதைக் காட்டுவேன்.

அப்படிக் காட்டப்போய்த்தான் சுரங்கத்துக்காரர் ஒருவர் பழக்கமானார். தொழிற்சாலையில் நடந்த ஒரு கண்காட்சியில் என் தொலைநோக்கியை வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் நிலாவில் என்ன தெரியும் என்று கேட்டார்கள். ஐம்பது வயது தாண்டிய, இறுக்கமாகச் சட்டைப் பொத்தான் போட்ட ஒருவர் மட்டும், "ஒரு நட்சத்திரத்த இதுல எவ்ளோ நேரம் நவுராம புடிச்சி வெக்கலாம் சார்?" என்று கேட்டார். அவர் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டை, மேலே எஞ்சின் அறையில் உட்கார்ந்து இயக்குகிற வேலை. கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. கீழேயிருந்து வரும் மணியோசையும் எதிரே பெரிய வட்டத்தில் நகரும் முள்ளும்தான் அவருக்கு எல்லாம். இருபத்தாறு வருடமாக அந்த நாற்காலியில் இருந்தார். ஒரு தடவைகூட ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொன்னதில்லை.

ஒரு வருடத்தில் அவரும் நாலங்குலக் கண்ணாடி ஒன்று தேய்த்து முடித்தார். தாங்கு கால்களைப் பழைய இரும்பில் அவரே செய்தார். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைவிட இருபது வயது பெரியவராக இருந்தும் சார் என்பதை விடவில்லை.

சிறுகோள் மறைப்பு என்று ஒன்று உண்டு. சூரியனைச் சுற்றும் சிறிய பாறைக்கோள் ஒன்று தொலைவிலுள்ள ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். அப்போது அதன் நிழல் சில பத்து மைல் அகலத்தில் பூமியின்மேல் ஓடும். அந்தப் பட்டைக்குள் நிற்பவர்களுக்கு அந்த நட்சத்திரம் சில வினாடி அணைந்து, மறுபடி எரியும். எங்கே நின்று, எத்தனை மணி, நிமிடம், வினாடிக்கு அது அணைந்தது, எப்போது வந்தது என்று நாலைந்து பேர் குறித்துக்கொடுத்தால், அதைச் சேர்த்துவைத்து அந்தப் பாறையின் அளவைச் சொல்லிவிடலாம். கோடிக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் கல்லை அளக்க ஸ்டாப் வாட்சும் நேர்மையான கண்ணும் போதும். நேர்மையான கண் என்று அன்று எங்கள் யாருக்கும் சொல்லத் தோன்றியதில்லை. அது இருக்கும் என்பதுதான் எல்லாருடைய எண்ணமும்.

பெங்களூரில் ஒரு கல்லூரி ஆசிரியர் தன் ஓய்வு நேரத்தில் எங்களைப் போன்றவர்களை ஒருங்கிணைத்தார். எந்த நாள், எந்த நட்சத்திரம், எத்தனை மணி என்று தபாலில் வரைபடம் அனுப்புவார். அந்த இரண்டு வருடத்தில் மூன்று தடவை முயன்றோம். மூன்று தடவையும் மேகம். நாலாவது தடவைக்கு அவர் போனில், "உங்க பக்கத்தைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். பட்டையின் நடுக்கோடு எங்கள் ஊருக்கு மிக அருகில் போகிறது, இந்தத் தடவை பிடித்துவிடலாம் என்று நான் என் பிரிவில் இருந்த பதினாலு பேரிடமும் சொல்லியிருந்தேன். பிடித்தால் திங்கட்கிழமை டிபன் என் கணக்கு என்றுகூடச் சொன்னேன்.

அன்று மதியம் மூன்று மணிக்கே கிழக்கிலிருந்து மேகம் ஏறத் தொடங்கியது. நண்பர் ஒருவரின் மாருதி வேனை வாங்கித் தொலைநோக்கியை ஏற்றினேன். ரேடியோவையும் டார்ச்சையும் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமென்று மனைவியையும் கூட்டிக்கொண்டேன். போகிற வழியில் சாம்பியன் ரீப்ஸில் நிறுத்தினேன். அண்ணா, சுரங்கக் கழிவு மண் மலைபோலக் குவிந்திருந்த டம்ப் என்கிற மேட்டின்மேல், தன் தொலைநோக்கியை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்.

"அண்ணா, இங்க வானம் மூடிடும். வண்டியில ஏறுங்க. வடக்க போனா வெட்டவெளியா இருக்கும்" என்றேன்.

"நீங்க போங்க சார். எனக்குப் பத்து மணிக்கு ஷிப்ட் கீது. நான் டம்ப்லயே பாத்துக்கிறேன்" என்றார். பிறகு, கீழே தெரிந்த தொழிலாளர் லைன் வீடுகளைக் காட்டி, "எல்லாரும் வாசல்ல கிறிஸ்மஸ் ஸ்டாரு கட்டியிருக்காங்க. எட்டு மணி வரைக்கும் லைட் போடாதீங்கன்னு வீடு வீடா சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். மனைவியிடம், "பாவம், அவருக்கு இன்னைக்கு ஒண்ணும் கிடைக்காது" என்றேன்.

பேத்தமங்கலம் ஏரிக்கரையில் நிறுத்தி இறக்கும்போதே தலைக்கு மேல் மூடிவிட்டது. மறுபடி ஏற்றினோம். வடக்கே ஒரு நீலக்கீற்று தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, இரண்டு இடத்திலும் மூடி, ஆறே முக்காலுக்கு அந்தக் கேழ்வரகு வயலுக்கு வந்தபோது வானம் பாதி திறந்திருந்தது. தொலைநோக்கியை நிறுத்தி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தேன். டில்லியிலிருந்து சிற்றலையில் வினாடிக்கு ஒரு டிக் என்று வரும் நேர ஒலியை மனைவி ரேடியோவில் பிடித்துவிட்டாள். எல்லாம் தயார். பெங்களூர்க் கணக்குப்படி மறைப்பு ஏழு இருபத்தொன்று பத்து வினாடிக்கு.

ஏழு பதினெட்டுக்கு மேகம் வந்தது. மெல்லிய மேகமில்லை. ஜமக்காளம் மாதிரி வந்து மூடியது. கண்ணை எடுக்காமல் நின்றேன். ரேடியோ டிக் டிக் என்று போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. மனைவி நிமிடங்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் மேகம் விலகியது. நட்சத்திரம் ஒன்றுமே நடக்காததுபோல் அதே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாங்க, ஆச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆச்சு" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. முடிந்துவிட்டது என்ற அர்த்தத்தில்தான் அந்த வார்த்தை முதலில் வந்தது என்று நான் பல வருடம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் உடனே, "மேகமா இருந்துச்சே?" என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதிலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

"கடைசியில ஒரு ஓட்டை விழுந்துச்சு. பாத்துட்டேன்."

அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள். நான் டார்ச் வெளிச்சத்தில், பெங்களூருக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை எடுத்தேன். அதில் 'மேகம், ஒன்றும் பார்க்கவில்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத் தாண்டிப்போய், மறைந்த நேரம் ஏழு மணி இருபத்தொரு நிமிடம் பன்னிரண்டு வினாடி என்று எழுதினேன். மறைந்திருந்தது நாலு வினாடி. பெங்களூர்க் கணக்கான பத்தாவது வினாடியையே எழுதினால் பொய் போலத் தெரியும் என்று இரண்டு வினாடி கூட்டிப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறு எதையும் எழுதியதாக நினைவில்லை.

ஞாயிறு காலை எஸ்டிடி பூத்துக்குப் போய் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். கோலாரிலும் பெங்களூரிலும் நின்றவர்கள் எல்லாருக்கும் மேகம் என்றார். நான் என் நேரத்தைச் சொன்னதும், "கடைசில ஒருத்தராவது பிடிச்சீங்களே!" என்று கிட்டத்தட்டக் கத்தினார். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குள் உண்மையிலேயே சந்தோஷம் வந்தது. அதுதான் இன்றுவரை எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த ஒரு நிமிடம், நான் பார்த்ததாகவே நம்பினேன்.

அன்று மாலை அண்ணா எங்கள் வீட்டுக்கு வந்தார். இரவு ஷிப்ட் முடித்து, சர்ச்சுக்குப் போய், தூங்கி எழுந்து, குளித்து வந்திருந்தார். வாசலிலேயே சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். தமிழில் அழுத்தமாக எழுதியிருந்தது: ஏழு இருபது இருபத்தெட்டு, போச்சு. ஏழு இருபது முப்பத்தஞ்சு, வந்துச்சு.

"ஏழு மணி சுமாருக்கு நம்ம தலைக்கு மேல கொஞ்சம் தொறந்துச்சு சார். இருவத்தஞ்சு நிமிசம் இருந்துச்சு. அவ்ளோதான். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். சர்ச் பள்ளியின் பி.டி. மாஸ்டரிடம் ஒரு ஸ்டாப் வாட்ச் கடன் வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து இரண்டு வைத்திருந்தாராம். அணைந்தபோது ஒன்றை அழுத்தி ஓடவிட்டிருக்கிறார், எரிந்தபோது இன்னொன்றை. ரேடியோவில் அடுத்த நிமிட ஒலி வந்ததும் இரண்டையும் நிறுத்தி, பின்னோக்கிக் கழித்திருக்கிறார். கணக்கில் ஓட்டை இல்லை.

"மேகம் ஏதாச்சும் குறுக்க வந்திருக்குமா அண்ணா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இல்ல சார். பக்கத்துல ரெண்டு சின்ன நட்சத்திரம் இருந்துச்சு பாருங்க, அது ரெண்டும் அப்படியே நின்னுச்சு. இது மட்டும் போச்சு. பட்டுனு. சுவிட்ச அமுக்கின மாதிரி." சொல்லும்போது அவர் முகம் ஒரு சிறுபிள்ளையின் முகமாக இருந்தது. "நீங்க பாத்தீங்களா சார்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மேகம் மூடினால் மூன்று நட்சத்திரமும் சேர்ந்துதான் மறையும். ஒன்று மட்டும் மறைந்தது என்றால் அவர் பார்த்தது நிஜம். மறைப்பு நாற்பது வினாடி முன்னதாகவே நடந்துவிட்டது, பெங்களூர்க் கணக்குத்தான் பிசகியிருக்கிறது. அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இது அத்தனையும் விளங்கிவிட்டது. உள்ளே சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன் அண்ணா. ஏழு இருபத்தொன்னு பன்னெண்டுக்கு" என்றேன்.

அவர் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "அப்படியா" என்றார்.

இரண்டு படிவங்களும் பெங்களூருக்குப் போயின. ஒரு வாரத்தில் ஒருங்கிணைப்பாளர் தொழிற்சாலைக்குப் போன் செய்தார். எங்கள் இரண்டு இடங்களுக்கும் நடுவே இருபது மைல்கூட இல்லை, இரண்டு மூன்று வினாடிக்கு மேல் வித்தியாசம் வரவே கூடாது, இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும் என்றார். பிறகு, "உங்க நண்பருக்கு அனுபவம் எப்படி?" என்று கேட்டார்.

"மறைப்பைப் பார்க்கிறது இதுதான் அவருக்கு முதல் தடவை சார்" என்றேன்.

அது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் அவரை அடித்தேன். எனக்கும் அதுதான் முதல் தடவை என்பதைச் சொல்லவில்லை. அணையாமல் நின்ற அந்த இரண்டு சின்ன நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்லவில்லை. "சரி, அவருடையதை விட்டுவிடலாம். மனசு நோகாம நீங்களே சொல்லிடுங்க" என்றார் அவர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் சாம்பியன் ரீப்ஸில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, "வாங்க சார், உள்ள வாங்க" என்று சொல்லி, பண்டிகைக்குச் சுட்ட முறுக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். நான் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே, பெங்களூரில் இப்படி முடிவு செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"அப்போ நான் பாத்தது இன்னா சார்?" என்றார் அண்ணா.

"அசதியா இருந்திருக்கும் அண்ணா. கண்ணு சிமிட்டியிருக்கலாம்."

"ஏழு செகண்டா?"

அவர் மனைவி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க நாலு செகண்ட் பாத்தீங்க இல்ல?" என்றார் அவர்.

"ஆமாம்."

"உங்க கண்ணாடி பெருசு" என்று தலையை ஆட்டிக்கொண்டார். என்னைத் தேற்றுகிற மாதிரி ஒரு சிரிப்பும் சிரித்தார்.

பிப்ரவரியில் ஒருநாள் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். நான் லீவு போட்டிருந்தேன், பகல் பதினொரு மணி. அந்த வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட் என்று எனக்குத் தெரியும். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"வேற எடத்துக்கு மாத்திக்கினேன் சார். இப்போ கம்ப்ரெசர் ரூம். நேரம் வேற" என்றார்.

"ஏன்?"

கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "ஏழு செகண்ட்ல கேஜ் எவ்ளோ ஆழம் எறங்கும் தெரியுமா சார்? உள்ள ஆளுங்க நிக்கிறாங்க. என்னை நம்பி நிக்கிறாங்க. இல்லாத ஒன்ன ஏழு செகண்ட் பாத்தவன் அந்த சீட்ல உக்காரலாமா?"

மேலதிகாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். டாக்டரிடம் அனுப்பினாராம். டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தாராம்.

"கண்ணு நல்லா கீதுன்னா, அப்போ கோளாறு உள்ள தானே சார்?" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "நானே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

என்னைச் சுற்றி வெங்காயம் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போய்விடுவார். எனக்கு அது தெரியும். அது தெரிந்தே, "அவசரப்பட்டுட்டீங்க அண்ணா" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவில்லை. அன்று இரண்டு வேளையும் சாப்பிட்டேன் என்பது நினைவிருக்கிறது. சாப்பிட முடிந்தது என்பதற்காகவே நினைவிருக்கிறது.

ஜூன் மாதம் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. ஆந்திர எல்லைக்குள் பலமநேர் பக்கத்தில் ஒருவர் அன்று மறைப்பைப் பிடித்திருக்கிறார். டேப் ரெக்கார்டரில் ரேடியோவின் டிக் ஒலியும், அவர் 'போச்சு', 'வந்துச்சு' என்று தெலுங்கில் கத்தியதும் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறது. உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டதால் ஆறு மாதம் கழித்து இப்போதுதான் கேசட்டை அனுப்பியிருக்கிறார். அந்த நேரம் என் நண்பரின் நேரத்தோடு இரண்டு வினாடிக்குள் ஒத்துப்போகிறது. 'உங்கள் நேரத்தில் ஏதோ கடிகாரக் குழப்பம் நேர்ந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் நடப்பதுதான், கவலைப்படாதீர்கள். உங்கள் நண்பரிடம் என் பாராட்டையும், அதைவிட முக்கியமாக என் மன்னிப்பையும் தெரிவியுங்கள்' என்று எழுதியிருந்தார்.

நான் சொல்லாமலே எனக்கு ஒரு சாக்கைத் தயார் செய்து கொடுத்திருந்தார். கடிகாரக் குழப்பம் என்று சொல்லிக்கொண்டு நான் அண்ணா வீட்டுக்கு ஓடியிருக்கலாம். பாதிப் பொய்யோடாவது போயிருக்கலாம். ஆனால் போனால் அவர் கேட்பார். என்ன குழப்பம், எந்த நிமிடத்தில், எப்படி என்று, நேரத்தோடு வாழ்ந்தவர் விடாமல் கேட்பார். அந்தப் பயத்தில் கடிதத்தைக் கேஸ் ரசீதுகள் இருந்த டிராயரில் அடியில் வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைத்தேன். அப்படி எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

அதற்குள் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். மூடப்போகிறார்கள் என்று பல வருடமாகப் பேச்சு இருந்ததால், நிஜமாக மூடியபோது ஊர் நம்பவில்லை. கடைசி ஷிப்ட் கேஜில் மேலே வந்தபோது வாசலில் கூட்டமாம், அழுகையாம். என் பிரிவில் ஒருவருடைய மாமனார் அந்தக் கேஜில் வந்தவர். "எஞ்சின்ல யாரு இருந்தாங்க?" என்று கேட்டேன். யாரோ இளைஞன் என்றார். என் நண்பர் வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தாராம். இருபத்தாறு வருடம் ஆட்களை இறக்கி ஏற்றியவர், கடைசியாக அவர்களை மேலே கொண்டுவந்த நாளில் தெருவில் நின்றார்.

பத்து நாள் கழித்து, கேஸ் ரசீது தேடிய மனைவி கையில் அந்தக் கடிதம் கிடைத்தது. நான் வேலையிலிருந்து வந்தபோது அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தாள். தேதியின்மேல் விரலை வைத்தாள்.

"ஜூன்" என்றாள். "இது மார்ச் மாசம்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அன்னைக்கு ஓட்டையெல்லாம் ஒண்ணும் விழல. எனக்குத் தெரியும். வானத்தப் பாத்துக்கினேதான் இருந்தேன். ஏதோ ஒரு நம்பர்தானே, யாருக்கு இன்னா நஷ்டம்னு நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "அந்த மனுஷன் வேலைய மாத்திக்கினாருன்னு ஊர்ல சொன்னாங்களே, அது இதுக்காகவா?"

"ஆமா."

"நீங்க போய் சொல்றீங்களா, நான் போய் சொல்லட்டுமா?"

நானாக மனம் திருந்திப் போனேன் என்று எழுத ஆசைதான். அப்படிப் போகவில்லை.

மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து அண்ணாவும் அவர் மனைவியும் வந்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்துப் போனேன். அவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாமல் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். கடிதத்தைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால், "நீங்களே படிச்சி சொல்லுங்க சார்" என்றார். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மன்னிப்பு என்று வந்த இடத்தில் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவருகில் நின்றார்.

அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. "அப்போ நான் பாத்தது நெஜம்" என்றார். மனைவியைத் திரும்பிப் பார்த்து, "ஏய், நெஜமாம்!" என்றார். பிறகு என்னிடம், "உங்க வாட்ச்சுக்கு இன்னா ஆச்சு சார்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"வாட்ச்சுக்கு ஒண்ணும் ஆகல அண்ணா. எனக்கு மேகம். நான் பாக்கவே இல்ல."

அவருக்கு முதலில் புரியவில்லை. "பாக்கலன்னா, அந்த நாலு செகண்டு?"

"நானா எழுதினேன்."

"பன்னெண்டாவது செகண்டுன்னீங்களே?"

"அதுவும்தான்."

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் கையைத் தூக்கிப் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மார்க்கெட்ல உங்ககிட்ட சொன்னேனே சார்" என்றார். "சீட்ட விட்டுட்டேன்னு. அப்போ உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"கீழ மணி அடிக்காம நான் ஒருநாளும் எஞ்சினத் தொட்டதில்ல சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் மனைவிதான் பேசினார். "ராத்திரி ராத்திரி எழுந்து உக்காந்துக்குவாரு. என் கைய நீட்டச் சொல்லி இது எத்தினி வெரல்னு எண்ணிப் பாப்பாரு. ஒரு வருஷமா. போங்க சார். நீங்க மொதல்ல இங்கேர்ந்து போங்க."

எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். உள்ளே போய் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தார். "பெங்களூருக்கு எழுதுங்க. வாட்ச் இல்ல, மேகம்னு எழுதுங்க. இங்கயே எழுதுங்க" என்றார். எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொன்னார். ஓர் இடத்தில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். "நேர்ந்துடுச்சுன்னா தானா நடந்த மாதிரி கீது" என்றார். அதை அடித்துவிட்டு, 'பொய்யாக எழுதினேன்' என்று மாற்றினேன். அந்தக் கடிதத்தை என்னிடம் தராமல் அவரே வைத்துக்கொண்டு, தானே தபாலில் போட்டார். அதுவும் சரிதான்.

பெங்களூரிலிருந்து எனக்கு இரண்டு வரிப் பதில் வந்தது. என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகவும், இனி தகவல்களை நேரடியாக என் நண்பருக்கே அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். அதன்பிறகு எனக்கு வரைபடங்கள் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆறு அங்குலக் கண்ணாடியைத் துணியில் சுற்றி அலமாரியின்மேல் வைத்தேன். என் பிரிவில் யாராவது வானத்தைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றுவேன். அந்தத் திங்கட்கிழமை டிபன் வாங்கிக் கொடுத்திருந்தேன் அவர்களுக்கு. பதினாலு பேரும் கைதட்டியிருந்தார்கள். அவர்களிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அண்ணா என்னை வழியில் பார்த்தால் பேசுவார். "நல்லா கீறீங்களா சார்?" என்பார். வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் இன்னும் பார்க்கிறாரா, மேட்டின்மேல் ஏறுகிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை.

அந்த வருடக் கடைசியில் எனக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று காலை மனைவி, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். போனேன். அவர் வீட்டில் இல்லை. மகளைப் பார்க்க வேலூர் போயிருப்பதாக அவர் மனைவி கதவைப் பாதி திறந்துகொண்டு சொன்னார்.

"நான் ஊரை விட்டுப் போறேன். அண்ணாகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"சொல்றேன்" என்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் தெருமுனை திரும்பும்வரை கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. நான் போய்விட்டேனா என்று நின்று பார்த்திருப்பார்.